என் கணினியில் திறக்கவில்லை

இன்றிரவு ரிஸே நகரில்
விழித்திருக்கும் முறை எங்கள் மருந்துக்கடைக்கு.
ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது.
மாத்திரை அட்டைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு
கல்லாமேல் மடிக்கணினியைத் திறக்கிறேன்.

மழை அளப்பவர்களுக்கான சின்ன நிரல்.
எந்த நாள், எந்தக் கூரை, எத்தனை மில்லிமீட்டர்,
அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.
நாளைக் காலை ஊருக்கெல்லாம் போகிறது.
அதற்குமுன் உடைத்துப் பாருங்கள் என்று
தார்த்துவிலிருந்து யாகுப் அனுப்பியிருக்கிறான்.
சம்பளம் கிடையாது.
உடைத்தால் நன்றி உண்டு.

பெலோத்தாஸில் ஒடாயிர்,
மூடி கழன்ற பன்னிரண்டு வயதுப் பெட்டியில்
திரையைச் சுவரில் சாய்த்துவைத்து ஓட்டினார்:
நொண்டுகிறது, ஆனால் ஓடுகிறது.
கிளாக்ஸ்விக்கில் சோல்ருன்,
ஒரே எந்திரத்தில் மூன்று இயங்குதளங்களைக்
குடிவைத்திருப்பவள்,
மூன்றிலும் ஓடுகிறது என்றாள்.
மழை மைனஸ் நான்கு என்று கொடுத்தாளாம்,
வாங்கிக்கொண்டதாம்.
வானம் திருப்பி உறிஞ்சிக்கொண்டது போலும் என்று
ஒரு பிழை எழுதிவைத்துவிட்டுத் தூங்கப் போனாள்.

எனக்குத் திறக்கவே இல்லை.

கதவு மணி. சொட்டச் சொட்ட ஒருவர்.
குழந்தைக்குக் காய்ச்சல், முப்பத்தொன்பது.
எடை என்ன என்றேன். விழித்தார்.
வீட்டுக்குப் போன் போடவைத்தேன்.
பதினொன்றரைக் கிலோ.
அளவைக் குப்பியில் எழுதி,
எழுதியதை அவர் வாயால் வாசிக்கக் கேட்டு
அனுப்பினேன்.

திரும்பி வந்தால் யாகுபின் பதில்:
என் கணினியில் ஓடுகிறதே.

இந்த ஒரு வாக்கியத்துக்கு
எந்த அலமாரியிலும் மருந்து இல்லை.
உன் கணினியில் ஓடும், யாகுப்.
அதில் நீ இருக்கிறாய்.
நான் செய்தது: இரண்டு தட்டு.
எதிர்பார்த்தது: ஒரு வெள்ளைச் சன்னல்.
நடந்தது: மழை. வெளியே.

அழித்துவிட்டு மறுபடி நிறுவினேன்.
வேறு பயனராக நுழைந்தேன்.
அணைத்தேன், தேநீர் குடித்தேன், ஏற்றினேன்.
ஒரு மணி வாக்கில், சும்மா,
கணினியின் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றினேன்.
திறந்தது.
துருக்கிக்குத் திருப்பினேன்.
வாயை இறுக்கிக்கொண்டது.

சிரித்துவிட்டேன், ஆளில்லாத கடையில்.
எங்களுக்கு அந்த எழுத்து இரண்டு:
தலையில் புள்ளி வைத்தவள், வைக்காதவள்.
பெரிய எழுத்தானாலும்
புள்ளிக்காரி புள்ளியோடுதான் பெரியவளாவாள்.
யாகுபின் நிரலோ ஒரு கோப்பின் பெயரைப்
பெரிய எழுத்தாக்கித் தேடுகிறது.
என் கணினி, வளர்ப்பு அப்படி,
புள்ளி கலையாமல் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துகிறது.
அங்கே பட்டியலில் இருப்பவள் மொட்டைத்தலை.
யாரம்மா நீ, தெரியாதே என்று
கதவைச் சாத்திவிடுகிறார்கள்.

ஒரு புள்ளி.
கொசு உட்கார்ந்த அளவுகூட இல்லை.
அதன் பின்னால் நிற்பது ஒரு நாட்டின்
அத்தனை கூரைகளும்.

எழுதி அனுப்பினேன்.
வெகுநேரம் பதில் இல்லை.
பிறகு, ஐயோ, என்றொரு சொல்.
நாலரைக்குப் புதுப் பொதி வந்தது.
திறந்தது. துருக்கியில்.
பின்படிக்கட்டில் மாட்டிய அளவுக்குழாயைப்
போன் வெளிச்சத்தில் பார்த்து
அறுபத்தொன்று என்று போட்டேன்.
உலகத்தில் அந்தப் பதிப்பு அறிந்த முதல் மழை.

எட்டு மணிக்கு ஷட்டரை முழுதாக ஏற்றும்போது
வெளியீட்டுக் குறிப்பு வந்திருந்தது.
‘சில மொழிகளில் திறக்காத சிக்கல் சரிசெய்யப்பட்டது.’
சில மொழிகள்.
சரி, போகட்டும்.

கீழே நன்றிப் பட்டியல்,
பெரிய எழுத்துகளில், மரியாதைக்காக.
ஒடாயிர். சோல்ருன்.
அடுத்தது நான்,
இரண்டாம் எழுத்தின் தலையில் புள்ளி இல்லாமல்.
ஃபிகென் அல்ல, ஃபுகென்.
அந்தப் பெயரில் எங்கள் தெருவில்
யாரும் மருந்து விற்பதில்லை.

புதிய பிழை ஒன்று தொடங்கினேன்.
செய்தது: வாசித்தேன்.
எதிர்பார்த்தது: என் பெயர்.
அவசரமில்லை என்று குறித்தேன்.
கொஞ்சம் யோசித்து
அதை அழித்தேன்.